வீட்டுக் கதையும் சமுதாய உண்மையும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், அந்தியேட்டியன்று வந்தோர் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். அதனைக் 'கல்வெட்டு' என்பது நம்மவர் வழக்கு. முகப்பில் அமரரின் படம், அடுத்துத் திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வாழ்க்கைக் குறிப்பு, புலம்பற் பாக்கள், வம்சாவளி, ஈற்றில் நன்றி நவிலல். குடும்பத்தார் தம் குடும்பத்தைப் பற்றித் தாமே எழுதி, தம் செலவில் அச்சிட்டு, ஊரார் கையிற் கொடுக்கும் எழுத்து நம்மிடையே இஃதொன்றுதான் எனலாம். நான் வாசித்த கல்வெட்டுகள் நூற்றுக்கு மேலிருக்கும். அவற்றுள் ஒரு குடிகாரக் கணவனில்லை, அடிபட்ட மனைவியில்லை, காணி வழக்கில் எதிரெதிரே நின்ற சகோதரரில்லை. சாதி மாறி மணஞ்செய்ததற்காகப் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்ட மகள் வம்சாவளியில் ஒரு கிளையாகத்தானும் இடம்பெறுவதில்லை.

பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. என் ஐயா காலமானபோது அவருடைய கல்வெட்டை எழுதியவன் நானே. அவர் பதினான்காவது வயது தொடக்கம் சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றியவர். கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். ஐயாவின் உலகறிவு அத்தனையும் அவ்வாறு காதால் வந்ததே. நான் எழுதிய முதற்படியில் 'சுருட்டுத் தொழிலாளி' என்றுதான் இருந்தது. மாமா கடதாசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை ஏன் இப்ப போடுறாய்? தங்கச்சியின்ரை கலியாணமெல்லே கிடக்குது" என்றார். நான் வாதாடவில்லை. 'புகையிலை வணிகர்' என்று திருத்தினேன். மாமாவுக்காகவே திருத்தியதாக நெடுங்காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெய் அதுவன்று. அப்போது நான் ஆசிரியனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்வெட்டின் படியொன்று எங்கள் பாடசாலை ஆசிரியர் அறைக்கும் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தச் சொல் மாறியபோது என் மனத்தில் ஒரு நிம்மதி உண்டாயிற்று.

இச்சிறு பொய்யை நான் மறந்தே போனேன். பிரெஞ்சு எழுத்தாளர் அனி எர்னோ தம் தந்தையைப் பற்றி எழுதிய நூலை வாசித்தபோது அது திரும்பி வந்தது. எர்னோ 2022ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். 'இடம்' என்று பொருள்படும் பெயரோடு 1983இல் வந்த இச்சிறு நூலுக்கு மறு ஆண்டு றெனோதோ பரிசு கிடைத்தது. நூலின் நாயகர் 1899இல் நோர்மண்டிப் பகுதியிற் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுப் பண்ணை வேலைக்குப் போனார். பின் தொழிற்சாலைக் கூலியானார். பின்னர் இவ்தோ என்னும் சிற்றூரில் பலசரக்குக் கடையும் மதுக்கடையும் ஒன்றாயமைந்த ஒரு சிறு கடைக்குச் சொந்தக்காரரானார். மகள் படித்தாள்; ஆசிரியத் தேர்வில் தேறினாள். தேறி இரண்டு மாதத்தில், 1967இல், அவர் இறந்தார். கதை இவ்வளவே. இதிற் சதியில்லை, காதலில்லை, மறைத்து வைத்த பெருங்குற்றம் எதுவுமில்லை. ஆயினும் இந்நூலை எழுதத் துணிவு வேண்டியிருந்தது.

எர்னோ முதலில் தந்தையின் கதையை நாவலாகவே எழுதத் தொடங்கினார். நடுவழியிலே தமக்கே அருவருப்பு உண்டாக, அதனைக் கைவிட்டார். நாவலின் அலங்காரம் அந்த மனிதரைக் காட்சிப் பொருளாக்கிவிடும் என்று அவர் கண்டார். இருவகை அபாயம் அங்கே இருந்தது. படித்த மகள் படியாத தந்தையைப் பார்த்து நகைப்பது ஒன்று. அவ்வறுமையை அழகாக்கி, உழைப்பாளியின் எளிமையே எளிமை என்று உருகுவது மற்றொன்று. இரண்டுமே மேலிருந்து பார்க்கும் பார்வைகள். எனவே அவர் ஒரு தட்டையான நடையைத் தெரிந்தெடுத்தார். ஊருக்கு வெளியே படித்த காலத்தில் தாய் தந்தையர்க்குச் செய்தி சொல்லி எழுதிய கடிதங்களின் நடையே அது. தந்தையின் சொற்கள், கைச்சாடைகள், விருப்பு வெறுப்புகள், அவர் வாழ்வின் புறச்சம்பவங்கள் ஆகியவற்றை மட்டும் திரட்டித் தருவதாக அவர் வரையறுத்துக்கொண்டார். தம் வீட்டாரும் அயலாரும் வழங்கிய சொற்களைச் சாய்வெழுத்தில் இடுகிறார். வாசகர் சிரிப்பதற்காகவோ உட்பொருள் தேடுவதற்காகவோ அவர் அவ்வாறு செய்யவில்லை. அச்சொற்களே அவர்கள் வாழ்ந்த உலகின் எல்லைகள் என்பதனாற் செய்கிறார்.

இதை வாசிக்கும் ஈழத்து வாசகனுக்கு 1960களின் தொடக்கத்தில் இங்கு நடந்த மரபுப் போராட்டம் நினைவுக்கு வராமற் போகாது. உழைக்கும் மக்களின் பேச்சை எழுத்திற் கொணர்ந்தபோது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் முகஞ்சுளித்தார்கள். முற்போக்காளர் விடை கூறினர். இன்று அந்த வழக்கு முடிந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சுக்காக வாதாடிய நம்மிற் பலர், வீட்டுக்கு வந்த நண்பர் முன்னிலையில் நம் தாய் அதே பேச்சிற் பேசியபோது நிலத்தைப் பார்த்தோம். போராட்டத்தின் இந்தப் பக்கத்தை யாரும் எழுதவில்லை.

எர்னோவின் நூலில் ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய ஒரு காட்சி உண்டு. மகளுக்குப் பன்னிரண்டு வயதளவில் தந்தையும் அவளும் நகர நூலகத்துக்குப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை. மேசையிலிருப்பவர் என்ன நூல் வேண்டும் என்று கேட்கிறார். இருவருக்கும் திகைப்பு. வேண்டியது இன்னதென்று முன்கூட்டியே தெரிந்து வரவேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. நூலகத்தாரே அவர்களுக்காகத் தெரிந்து கொடுக்கிறார். தந்தைக்கு மாப்பசான் எழுதிய நூலொன்று கிடைக்கிறது. அவர்கள் பின்னர் அங்கே போகவேயில்லை. யாரும் அவர்களை அவமதிக்கவில்லை, கதவு அடைக்கப்படவில்லை, கட்டணமும் கேட்கவில்லை. ஆயினும் கதவு அடைபட்டே இருந்தது. இன்னோரிடத்திலே, ஓர் உறுதிப் பத்திரத்தில், வாசித்து ஒப்புக்கொண்டதாக எழுதவேண்டிய சொல்லைத் தந்தை பிழையாக எழுதிவிடுகிறார். வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பிழை அவரை அரிக்கிறது. கல்வியால் வரும் வர்க்கப் பிளவைப் பற்றித் தடித்த நூல்கள் உள. இவ்விரு காட்சிகளும் அவற்றினும் தெளிவாக அதனைக் காட்டுகின்றன.

இந்நூலின் நேர்மை தந்தையின் அறியாமையை வெளியிட்டதில் இல்லை. அவருடைய பேச்சைத் திருத்தியவள், அவர் முன்னிலையிற் சலித்துக்கொண்டவள், அவரை இழிவாகக் கண்ட உலகத்தின் வாசலிற் சேர்ந்துகொண்டவள் யார் என்பதையும் அதே தட்டைக் குரலிற் சொல்லியதில் இருக்கிறது. தன்னை இகழ்ந்த உலகத்துக்கு மகள் உரியவளானதே தந்தையின் பெரும் பெருமையாக, ஒருவேளை அவர் வாழ்வின் நியாயமாகவே, இருந்திருக்கலாம் என்று அவர் ஓரிடத்தில் எண்ணுகிறார். இதைவிடக் கசப்பான நன்றியுரை ஒன்றை நான் வாசித்ததில்லை.

எர்னோ அத்துடன் நிற்கவில்லை. 'அவமானம்' என்று பொருள்படும் தலைப்பில் 1997இல் வந்த நூலின் தொடக்கத்திலேயே, 1952ஆம் ஆண்டு யூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தம் தந்தை தம் தாயைக் கொல்ல முயன்றதைச் சொல்லிவிடுகிறார். அப்போது அவருக்கு வயது பன்னிரண்டு நிறையவில்லை. மலிவான எழுத்தாளன் இதனைக் கடைசி அதிகாரம் வரை ஒளித்து வைத்து, வாசகனை ஏங்க வைத்திருப்பான். இவர் முதலிலேயே போட்டுடைத்துவிட்டு, மிகுதிப் பக்கங்களில் வேறொரு வேலை செய்கிறார். அந்த ஆண்டின் பழைய பத்திரிகையைத் தேடிச் சென்று புரட்டுகிறார். தம் தெரு, தம் பள்ளி, பள்ளியின் பக்தி விதிகள், எவரெவர் எவரெவரோடு பேசலாம் என்னும் ஊர்க் கட்டுப்பாடு ஆகியவற்றை ஓர் இனவியலாளன் குறிப்பெடுப்பது போல் எழுதுகிறார். தந்தை ஏன் கையோங்கினார் என்பதற்கு நூலில் விடையில்லை. அந்தச் சிறுமிக்கு ஏன் அது வெளியே சொல்லமுடியாத அவமானமாயிற்று என்பதற்கு நிறைய விடை உண்டு. அந்த ஊரும் பள்ளியும் எதனை மரியாதை என்று வகுத்தனவோ, அதற்கு வெளியே தன் வீடு விழுந்துவிட்டது என்று அவள் அன்று கண்டுகொண்டாள்.

எனினும் எர்னோவின் எல்லா நூல்களையும் என்னால் ஒரே மனத்தோடு ஏற்க முடியவில்லை. முதுமறதி நோயுற்ற தாயை மருத்துவமனையிற் சென்று பார்த்த நாட்களின் குறிப்புகளையும் அவர் 1997இல் வெளியிட்டார். தாய் இறந்தது 1986இல். அவரைப் பற்றி முன்னரே ஒரு முழு நூல் எழுதியாயிற்று. இக்குறிப்புகளை வெளியிட அவரே நெடுங்காலம் தயங்கினார். அந்தக் குறிப்புகளிலே பலசரக்குக் கடையின் பெருமிதமுள்ள முதலாளியம்மா இல்லை. சிதையும் உடல் ஒன்றே இருக்கிறது. நோயாளியின் அம்மணத்தை மகள் கண்டது உண்மை. ஆனால் அவ்வுண்மை எதனை விளக்குகிறது? முதுமையின் தனிமையையும் மகளின் குற்றவுணர்வையும் அது காட்டுகிறது என்பர். இருக்கலாம். அந்தத் தாய் தன் வாழ்நாள் முழுவதும் வாடிக்கையாளர் முன் நேராக நின்றவர். அவர் தம்மைப் பிறர் எவ்வாறு காணவேண்டும் என்று விரும்பினாரோ, அதனை மீறுவதற்குப் போதிய காரணம் எனக்கு அங்கே தெரியவில்லை.

இவ்விடத்தில் மாக்சிம் கோர்க்கியை நினைக்கவேண்டியிருக்கிறது. 1913, 1914ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'எனது குழந்தைப் பருவம்' நம் மாணவர் பலர் தமிழில் வாசித்தறிந்த நூல். ஆயினும் அதனைக் குடும்பத்தைப் பற்றிய நூலாக நாம் வாசிப்பது குறைவு. புரட்சி எழுத்தாளரின் இளமைக்காலம் என்றே வாசிக்கிறோம். உண்மையில் அது ஒரு வீட்டின் கதை. நீஷ்னி நொவ்கொரத் நகரிலே பாட்டனின் சாயப் பட்டறை. சொத்துப் பிரிவினைக்காக ஒருவரையொருவர் கடித்துக் குதறும் மாமன்மார். சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பிரம்படி. வெள்ளை மேசைவிரிப்பொன்றைச் சாயத்தில் தோய்த்த குற்றத்துக்காகச் சிறுவன் அலெக்சி நினைவிழக்கும்வரை பாட்டனால் அடிக்கப்படுகிறான்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு கொடியவனைப் பற்றிய குற்றப் பத்திரிகையாயிருக்கும். கோர்க்கி நிறுத்தவில்லை. அடிபட்டுப் படுக்கையிற் கிடக்கும் சிறுவனிடம் பாட்டன் தின்பண்டங்களோடு வருகிறார். பக்கத்திலமர்ந்து தம் இளமையைச் சொல்லத் தொடங்குகிறார். வோல்கா நதிக்கரை நெடுகத் தோளிற் கயிறு கட்டிப் பாரப் படகுகளை நீரோட்டத்துக்கெதிராக இழுத்த கூலி அவர். கேட்கக் கேட்க அந்தச் சிறிய கிழவர் சிறுவனின் கண்முன் மலைபோல் வளர்கிறார். தோளிலே கயிறு அறுத்த மனிதன் பட்டறை முதலாளியாகிறான். முதலாளியின் கையிற் பிரம்பு ஏறுகிறது. அடியின் நோவை இது ஒரு சிறிதும் குறைக்கவில்லை. கிழவர் மன்னிக்கப்படவுமில்லை. ஆனால் பிரம்பு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிடுகிறது. இந்த அருவருப்புகளை எல்லாம் ஏன் எழுதவேண்டும் என்று கோர்க்கியே தம்மைக் கேட்டுக்கொள்கிறார். இவை இன்னும் செத்துப்போகாத உண்மைகள். வேரோடு பிடுங்கவேண்டுமானால் வேர்வரை தெரிந்திருக்கவேண்டும் என்பது அவர் தந்த விடையின் சாரம்.

சுயசரிதையில் உண்மை என்றவுடன் நம் ஆசிரியர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது காந்தியடிகளின் 'சத்திய சோதனை'யையே. 1925 தொடக்கம் 1929 வரை 'நவஜீவன்' வார இதழில் அதிகாரம் அதிகாரமாக அது வெளிவந்தது. மனைவி கஸ்தூரிபாய் உயிரோடிருந்தார்; பிள்ளைகள் வளர்ந்திருந்தனர். உயிரோடிருக்கும் குடும்பத்தைப் பற்றி வாரந்தோறும் ஊரறிய எழுதுவது அக்காலத்தில் எளிய செயலன்று. 1898இல் டர்பன் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் எழுதுகிறார். பஞ்சமர் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ எழுதுவினைஞர் ஒருவரின் மலசலக் கலத்தைச் சுத்தஞ்செய்ய நேர்ந்தபோது கஸ்தூரிபாய் கண்ணீரோடு அதனைச் சுமந்து படியிறங்குகிறார். அழாமல் மகிழ்ச்சியோடு செய்யவேண்டும் என்று கணவர் சினக்கிறார். வார்த்தை முற்றுகிறது. மனைவியின் கையைப் பற்றி இழுத்துச் சென்று வாசற்கதவைத் திறந்து வெளியே தள்ள முனைகிறார். போக்கிடமற்ற அந்நிய நாட்டிலே தான் எங்கே போவது என்று அவர் கேட்ட பின்னரே கணவருக்கு வெட்கம் வருகிறது.

இதனை மறையாது எழுதிய துணிவை நான் மதிக்கிறேன். சாதியும் ஆணாதிக்கமும் ஒரே படிக்கட்டில் மோதிக்கொள்ளும் இத்தகைய காட்சி நாவல்களிலும் அரிது. கஸ்தூரிபாயின் கண்ணீரிலே சாதி இருந்தது. அதைத் துடைக்க வந்தவரின் கையிலே கணவனின் அதிகாரம் இருந்தது. ஆனால் காந்தியடிகள் இதனை எழுதுவது தம் ஆன்ம வளர்ச்சியின் ஒரு படியாக. தவறு அவருடையது, தவறுக்கு இரங்குபவரும் அவர், அதனைக் கடந்து உயர்பவரும் அவரே. அன்றிரவு கஸ்தூரிபாய் என்ன நினைத்தார் என்பது நூலில் இல்லை. அதிகம் படித்தறியாத அவர் தம் பக்கத்தை எழுதவும் இல்லை. மூத்த மகன் தம் மனக்குறையைப் பகிரங்கப்படுத்தியதை நூல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டு, தந்தையின் நியாயத்தைக் கூறி அப்பாற் செல்கிறது. தன்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் எழுத்தாளன், நீதிபதியின் ஆசனத்தையும் தானே வைத்துக்கொள்வதுண்டு. எர்னோவின் நூலில் அந்த ஆசனம் காலியாகவே இருக்கிறது.

இனி, தமிழில் இத்துறையில் வந்த நூல்களுள் நான் முதன்மையானதாகக் கருதும் பாமாவின் 'கருக்கு'வுக்கு வருவோம். 1992இல் அது வெளிவந்தது. நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டிமார், மிஞ்சிய பழஞ்சோற்றையும் குழம்பையும் பெற்றுக்கொள்ளும் காட்சி அதிலுண்டு. உயரத்திலிருந்து ஊற்றப்படும் நீரை அவர்கள் கைகளை ஏந்திக் குடிக்கிறார்கள். சிறுமி கேள்வி கேட்கிறாள். அவர்கள்தாம் நமக்குப் படியளப்பவர்கள் என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள். இதனை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஒடுக்கியவனின் கொடுமையை எழுதும்போது ஊர் கைதட்டும். தன் பாட்டி கையேந்தினாள், ஏந்தியதோடு அதனை நியாயமென்றும் நம்பினாள் என்று எழுதும்போது சொந்தச் சனமே கோபிக்கும். கோபித்தது. நூல் வந்தபின் சில மாத காலம் தாம் பிறந்த ஊருக்குப் போகமுடியாத நிலை பாமாவுக்கு ஏற்பட்டது. பின்னர் படித்த இளைஞர்கள் நூலை ஊராருக்கு விளக்கிக் கூற, அவர்களே அதனைத் தம் நூலாக ஏற்றுக்கொண்டார்கள். மராட்டியில் தயா பவார் 1978இல் 'பலுத'வை வெளியிட்டபோதும் எதிர்ப்பின் ஒரு பகுதி அவ்வினத்தின் படித்த உத்தியோகத்தரிடமிருந்தே வந்தது. சேரியை விட்டு வெளியேறி வெள்ளைச் சட்டை அணிந்த பின், குடிகாரத் தந்தையையும் குப்பை மேட்டையும் எதற்காக மீண்டும் கிளறுகிறாய் என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் ஏளனஞ் செய்யமாட்டேன். மாமா என்னிடம் கேட்டதும் அதுவே. மேல்மட்டக் குடும்பத்தின் மானம் ஓர் அலங்காரம்; கீழே தள்ளப்பட்ட குடும்பத்துக்கோ மானம் ஒன்றுதான் கையிருப்பு. அதனை வெளியே எடுத்துப் போட்டால், காத்திருக்கும் மற்றவன் பொறுக்கிக்கொண்டு போவான். ஒடுக்கப்பட்டோர் வீட்டுக் குறைகளை எழுதும் எழுத்தாளன் இந்த அபாயத்தை அறிந்தே எழுதவேண்டும். ஆனால் மானத்தைக் காப்பதற்காகப் பூட்டப்படும் வாய்கள் பெரும்பாலும் யாருடைய வாய்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஊர் சிரிக்கும் என்று சொல்லி மூடப்படுவது அடித்தவனின் வாயன்று, அடிவாங்கியவளின் வாய். கல்வெட்டுகளிலே தந்தையின் உத்தியோகம் அரைப்பக்கம் நீளும்; தாய் 'இல்லறத்தை நல்லறமாக்கினார்' என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுவார்.

இக்கணக்கில் நம் முற்போக்கு முகாமும் தேறாது. சீதனக் கொடுமையைச் சாடி ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் எழுதிய சிறுகதைகள் எத்தனையோ. அக்கதைகளின் பெண்கள் வயதேறி வேலியோரத்தில் நிற்பார்கள். தகப்பன் காணியை ஈடு வைப்பான். மாப்பிள்ளை வீட்டார் பேராசைக்காரராயிருப்பர். கதை முடிவில் ஓர் இளைஞன் சீதனமின்றி மணம் செய்யவும் கூடும். ஆனால் தன் திருமணத்தில் எழுதப்பட்ட சீதன உறுதியில் எத்தனை பரப்புக் காணி இருந்தது, எவ்வளவு காசு கைமாறியது, மாமனார் எங்கே கடன்பட்டார் என்று எழுதிய ஒரு முற்போக்காளரை நான் வாசித்ததில்லை. என் உறுதியும் பெட்டியிற் பத்திரமாகத்தான் இருக்கிறது. கூட்டத்திலே வர்க்கச் சமத்துவம் பேசிவிட்டு இரவு பத்து மணிக்கு நண்பர் நால்வரோடு வீட்டுக்கு வந்து, படுத்திருந்த மனைவியை எழுப்பி அடுப்பு மூட்டச் சொன்னவர்களும் நாமே. அந்த இரவுகள் கதைகளாகவில்லை. நம் கதைகளில் அநீதி எப்பொழுதும் அடுத்த வளவில் நடக்கிறது.

விதிவிலக்கு இல்லாமலில்லை. டொமினிக் ஜீவா தம் தொழிலையும் பிறப்பையும் ஒருநாளும் ஒளித்தவரல்லர். 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்ற அவருடைய வாழ்க்கைக் கதைக்கு அந்த வெளிப்படையே வலிமை தருகிறது. 'மல்லிகை'யைத் தோளிற் சுமந்து தெருத் தெருவாக விற்ற மனிதர் தம்மைப் 'புகையிலை வணிகர்' ஆக்கிக்கொள்ளவில்லை. ஆயின் அவர் எழுதியதற்குப் பின்னும் நமது பாடசாலைகளில், தகப்பனின் தொழில் என்ன என்று வகுப்பிற் கேட்டால், தாழ்ந்த குரலில் விடை சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கேள்வியை அவ்வாறு கேட்ட ஆசிரியர்களும் இருக்கிறோம். கிடுகு வேலிகள் போய் மதில்கள் வந்துவிட்டன; மதில் இன்னும் உயரமானது.

எர்னோவின் நூல் முடியும் இடத்தை இங்கே குறிப்பிடவேண்டும். தந்தையின் மரணத்தோடு அது முடியவில்லை. பல ஆண்டுகளின் பின், ஆசிரியையாகிவிட்ட மகள் கடையொன்றில் காசு கொடுக்க வரிசையில் நிற்கிறார். காசாளராயிருக்கும் பெண் அவருடைய பழைய மாணவி. படிப்பு என்னவாயிற்று என்று ஆசிரியை கேட்கிறார். தொழிற்பள்ளிப் படிப்புச் சரிவரவில்லை என்கிறாள் அவள், ஆசிரியைக்குத் தன்னை நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கையோடு. ஆசிரியைக்கோ அவள் எதற்காக அப்பள்ளிக்கு அனுப்பப்பட்டாள் என்பதே மறந்துவிட்டது. விடைபெறுகிறார். அதற்குள் அந்தப் பெண் இடக்கையால் அடுத்தவரின் பொருள்களை எடுத்தபடி, பார்க்காமலே வலக்கையால் விலைகளை அழுத்தத் தொடங்கிவிட்டாள்.